கத்தி வைக்கும் முன்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு இடி என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளப் பட்டியலில் இருந்ததோடு சரி, யார் வாயிலும் வந்ததில்லை. மூன்றாவது மாடியில் நின்று "யாரது அங்க?" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால், கீழே மருந்துக்கு வரிசையில் நிற்கிறவன்கூட செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்பான். ஆள் அப்படியொன்றும் உயரமில்லை. ஆனால் கதவில் நின்றால் கதவு தெரியாது.

அடிதடி அவளுக்குப் புதிதில்லை. அப்பா மரஅறுவை ஆலையில் வேலை பார்த்தவர். வீட்டுக்குள் அவருக்கு வாய் பேசாது, கைதான் பேசும். சாப்பாட்டில் உப்பு கூடிப்போன ஒரு மத்தியானத்தில் அம்மாவின் முன்பல் இரண்டு போயின. பதினாறு வயதில் ஒருநாள், அம்மாமேல் இறங்க வேண்டிய பெல்ட்டைப் பாதி வழியிலேயே பிடித்து, வெடுக்கென்று இழுத்து, அதே பெல்ட்டால் அப்பாவைச் சுவரோரம்வரை விரட்டினாள் மகள். அதற்குப் பிறகு அவர் அவளைத் தொடவில்லை. அவள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து அம்மாவை அடித்தார். அது அவளுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஓங்கினால் அடங்கிவிடுவார்கள் என்ற எண்ணம் மட்டும் அதற்குள் மனசில் நன்றாக வேர் பிடித்துவிட்டது.

நர்ஸ் வேலைக்குப் படித்தாள். ஆபரேஷன் தியேட்டரில் போட்டார்கள். கல்யாணம் ஆனது ஒரு தையல் மிஷின் ரிப்பேர்காரருக்கு. ஒல்லி மனுஷன், ஊதினால் பறந்துவிடுவார். வாய் மட்டும் வஞ்சனையில்லாமல் பேசும். "எங்க வீட்ல நான்தான் ஊசி, அவ மிஷின்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஒரே மகள். அந்தப் பெண் ஐந்தாவது படிக்கும்போது ஏதோ பொய் சொன்னாள் என்று இவள் கையில் இருந்த கரண்டியை வீச, புருவத்துக்கு மேலே கிழிந்து முகமெல்லாம் ரத்தம். கணவர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "உங்கப்பா கை உன் கையில வந்து உக்காந்திருக்கும்மா. எறக்கி விடு." அவள் மகளுக்குத் தானே தையல் போட்டாள். அதோடு வீட்டில் கை ஓங்குவதை விட்டாள்.

தியேட்டரில் எலும்பு டாக்டர் ஒருவர் இருந்தார். பெரிய டாக்டர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். கைராசிக்காரர். வேறு இடங்களில் கைவிட்ட கேஸெல்லாம் அவரைத் தேடி வரும். நொறுங்கிய இடுப்பை அவர் சேர்த்து வைக்கிற அழகைப் பார்க்கப் படிக்கிற பிள்ளைகள் முண்டியடிப்பார்கள். கோபம் மட்டும் மூக்குக்கு மேலே. கேட்ட கருவி கையில் வரக் கொஞ்சம் தாமதமானால் போதும், கையில் இருப்பது பறக்கும். இடுக்கி, ட்ரே, ரத்தம் தோய்ந்த துணி எதுவானாலும். புதிதாக வரும் நர்ஸுக்கு அங்கே முதலில் சொல்லிக்கொடுத்தது கருவிகளின் பேரை அல்ல, எந்த நேரத்தில் குனிய வேண்டும் என்பதை. இடிமேல் மட்டும் அவர் எதையும் எறிந்ததில்லை. முதல் வாரமே ஒருமுறை அவர் கை ஓங்கியபோது அவள் குனியாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். அதிலிருந்து அவளை அவர் தன் மேஜைக்குக் கூப்பிடுவதில்லை. பக்கத்துத் தியேட்டருக்கு மாற்றிவிட்டார்.

அப்படி அவள் இல்லாத ஒரு காலைநேரத்தில்தான் அந்த பெயின்டர் விஷயம் நடந்தது. வீடுகளுக்குச் சுண்ணாம்பும் பெயின்டும் அடிக்கிறவன். ஏணியிலிருந்து விழுந்து இடது முட்டி கெட்டுப்போய் வந்தவன். பெரிய டாக்டர் வலது முட்டியைத் திறந்தார். உள்ளே எல்லாம் பளிச்சென்று நன்றாக இருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் அதைத் தைத்து மூடிவிட்டு இடதைத் திறந்தார். வெளியே வந்து, "ரெண்டுலயும் கோளாறு இருந்தது, சேத்துப் பாத்துட்டோம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

தன் புருஷன் எந்தக் காலை இழுத்து இழுத்து நடந்தான் என்று பெண்டாட்டிக்குத் தெரியாதா? மறுநாள் அவள் தியேட்டர் வாசலுக்கே வந்துவிட்டாள். சீருடை போட்டுக்கொண்டு கதவைத் திறந்து வெளியே வந்த முதல் ஆள் இடி. அவ்வளவுதான், அந்தப் பெண் பாய்ந்து முடியைக் கொத்தாகப் பிடித்து, இவள் தலையைக் கதவுச் சட்டத்தில் மோதினாள். ஒருமுறை, மறுமுறை. "நல்ல கால அறுத்துட்டீங்களேடி! ஏணி ஏறித்தாண்டி எங்க வீட்ல அடுப்பு எரியுது!" நகம் கன்னத்தைக் கீறியது. காது மடல் கிழிந்தது. இடியின் இரண்டு கையும் மேலே வந்தன. ஒரு தள்ளு தள்ளினால் அந்தப் பெண் மாடிப்படியில் உருண்டிருப்பாள். ஆனால் நல்ல கால் என்ற சொல் காதில் விழுந்ததும் கைகள் அப்படியே நின்றுவிட்டன. காவலாள் வந்து பிரிக்கும்வரை நின்று வாங்கிக்கொண்டாள்.

காதில் பஞ்சை வைத்து அமுக்கிக்கொண்டு நேராக தியேட்டருக்குள் போனாள். பெயின்டர் ஆபரேஷனில் இருந்தவர்களை உட்கார வைத்துக் கேட்டாள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா, பெரிய டாக்டருக்குக் கீழே வேலை பார்க்கும் இளைய டாக்டர், கருவி எடுத்துக் கொடுத்த நர்ஸ்.

"கால் மாறுதுன்னு யாருக்குமே தெரியலையா?"

கருவி நர்ஸ்தான் முதலில் அழுதாள். "தெரியும்க்கா."

"எப்ப தெரியும்?"

"மருந்து தடவும்போதே தெரியும்."

இளைய டாக்டருக்கும் சந்தேகம் வந்திருந்தது. டாக்டரம்மா, "நான் எக்ஸ்ரே படத்தைத் திரும்பிப் பாத்தேன். சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அவர் கத்தி கேட்டுட்டார்" என்றாள். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே ஒரு நல்ல முட்டி அறுபடுவதை நின்று பார்த்திருக்கிறார்கள்.

"வாய்க்கு என்ன பூட்டா போட்டிருந்தீங்க?" என்று இடி போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் மயக்கம் தெளியாமல் கிடந்தவர் கண் திறந்ததாக ஆஸ்பத்திரியில் இன்னமும் சொல்வார்கள். கருவி நர்ஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "உங்களுக்கு பயம் இல்லக்கா. எங்களுக்கு இருக்கு. முட்டி அந்த பெயின்டரோடதா இருந்தாலும் கண்ணு எங்களோடது. போன மாசம் பெரிய டாக்டர் எறிஞ்சது ஒரு விரக்கடை தள்ளியிருந்தா என் கண்ணு போயிருக்கும்."

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனாள். அப்பா வீட்டுக்குள் வந்ததும் அம்மாவும் தம்பியும் எப்படிப் பேச்சை நிறுத்துவார்கள், அடுப்பில் பால் பொங்கி வழிந்தால்கூட எப்படி யாரும் "பொங்குது" என்று சொல்லாமல் இருப்பார்கள் என்பதெல்லாம் ஞாபகம் வந்தது.

பெயின்டர் குடும்பம் கோர்ட்டுக்குப் போனது. ஆஸ்பத்திரித் தலைவர் வக்கீலைத் தேடி ஓடினார். நோயாளிகளின் பாதுகாப்பை மட்டுமே பார்த்துக்கொள்ள தனியாக ஓர் ஆள் போட்டாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தபோது அந்த நாற்காலியில் உட்கார ஒருத்தரும் முன்வரவில்லை. கூட வேலை செய்கிறவர்களின் குற்றத்தைத் தோண்டுகிற வேலை, யாருக்கு வேண்டும்? இடி கையைத் தூக்கினாள்.

வேலை என்னவோ நடையாய் நடப்பதுதான். கட்டிலின் கம்பி கழன்று கிழவர் விழப்போகிறாரா, பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மருந்துக் குப்பிகள் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றனவா, கழுவிய தரை காயுமுன் யாரையாவது நடக்க விடுகிறார்களா என்று வார்டு வார்டாகப் போய்ப் பார்ப்பாள். திட்டமாட்டாள். அது அவளுக்கே ஆச்சரியம். "தப்பு பண்ணினது யாருன்னு எனக்கு வேண்டாம், எப்படி நடந்ததுன்னு சொல்லு" என்பாள். மெல்ல மெல்ல வந்து சொல்ல ஆரம்பித்தார்கள்.

தியேட்டரில் ஒரு விதி கொண்டு வந்தாள். கத்தி வைக்கும் முன் எல்லாரும் கையை நிறுத்த வேண்டும். யார் நோயாளி, என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம் என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்ல, மற்றவர்கள் ஆமாம் சொல்ல வேண்டும். வெட்டப்போகிற பக்கத்தில் மையால் குறி இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அங்கே இருக்கிற யார் வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம்.

பெரிய டாக்டர் கொஞ்ச நாள் இதைக் கேலியாகச் செய்தார். "பிள்ளைங்களா, வாய்ப்பாடு சொல்லலாமா?" என்பார். சிரிக்காதவர்களுக்கு அன்றைக்கு முழுக்க வசவு.

அப்புறம் அந்த லோடுமேன் வந்தான். மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவனை, பின்னால் எடுத்த லாரி சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. இரண்டு தொடைக்குக் கீழேயும் ரத்தக் களரி. இடது கால் தோல் உரிந்து எலும்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வலது கால் வீங்கி நீலமாகக் கிடந்தது. ஒரு காலை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஆள் தங்கமாட்டான் என்ற நிலை. அரக்கப் பரக்கத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எந்தக் காலிலும் குறி இல்லை.

இடி தியேட்டருக்குள் போய் நின்றபோது பெரிய டாக்டர் வலது காலைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிக் கத்தியை வாங்கிவிட்டார்.

"டாக்டர், குறி இல்ல. பக்கம் சொல்லிட்டு ஆரம்பிங்க."

"ஆள் செத்துட்டிருக்கான். வெளிய போ."

"இடது கால்தான் மோசமாத் தெரியுது. எந்தக் கால்னு சொல்லுங்க, இவங்க ஆமாம்னு சொல்லட்டும். ஒரு நிமிஷம்."

"எனக்குக் கண்ணு இருக்கு!"

அவள் மேஜைப் பக்கம் போய், கத்திக்கும் அந்தக் காலுக்கும் நடுவே, எதையும் தொடாமல், தன் உடம்பை நிறுத்தினாள். "நிறுத்துங்க" என்றாள். சத்தம் போடவில்லை. அவள் வாழ்க்கையிலேயே அவ்வளவு தாழ்ந்த குரலில் பேசியிருக்க மாட்டாள்.

பெரிய டாக்டர் கத்தியை ட்ரேயில் போட்டார். எலும்பு தட்டுகிற இரும்புச் சுத்தியலை எடுத்தார். எறிந்தார். நாலடி தூரம்கூட இல்லை. அது அவள் வலது தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே விழுந்தது. காரை எலும்பு முறிந்த சத்தம் அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. எலும்பு முறிகிற சத்தம் தெரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை.

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கண் இருட்டியது. விழவில்லை. "பக்கம் சொல்லுங்க" என்றாள்.

டாக்டரம்மா எழுந்தாள். நோயாளியின் கைவிரலில் மாட்டியிருந்த, நாடித்துடிப்பைக் காட்டும் கருவியைக் கழற்றி இடது கால் கட்டைவிரலில் மாட்டினாள். திரையில் கோடு வந்தது. வலது கால் விரலில் மாட்டினாள். ஒன்றும் வரவில்லை. பாதத்தில் விரல் வைத்து நாடி பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். "வலது காலுக்கு ரத்தம் போகல. இடது காலுக்குப் போகுது. எடுக்க வேண்டியது வலதுதான்" என்றாள். கருவி நர்ஸ், "ஆமாம், வலது" என்றாள். இளைய டாக்டரும் தலையாட்டினான்.

பெரிய டாக்டர் தூக்கச் சொன்ன கால்தான் சரி.

"இப்ப வைங்க கத்திய" என்று சொல்லிவிட்டு இடி வெளியே நடந்தாள்.

கை கழுவும் அறையில் ஸ்டூலில் உட்கார வைத்து வார்டு நர்ஸ் ஒருத்தி கையைத் துணியால் கழுத்தோடு சேர்த்துக் கட்டினாள். எக்ஸ்ரேக்கு வரச் சொன்னதற்கு இடி மறுத்துவிட்டாள். அந்த ஆள் பிழைத்து வெளியே வரட்டும் என்றாள். உள்ளே ரம்பச் சத்தம் கேட்டது. அப்புறம் நின்றது. அன்றைக்கும் பெரிய டாக்டரின் கை பிசகவில்லை. இடது காலையும் கம்பி வைத்து நிறுத்திவிட்டார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வந்தார். வார்டு நர்ஸைப் பார்த்து, "போ" என்றார். அவள் போய்விட்டாள்.

"சரியான கால்தானே? சொல்லு."

"சரியான கால்தான்."

"என்னை நிறுத்தினியே, மன்னிப்புக் கேளு."

"கேக்க மாட்டேன். நாளைக்குக் குறி இல்லன்னா நாளைக்கும் நிறுத்துவேன். நீங்க சரியா தப்பாங்கறது இல்ல டாக்டர் விஷயம்."

அவர் குனிந்து, கட்டுத் துணிக்கு மேலே, முறிந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எந்த இடத்தில் வைத்தால் எவ்வளவு வலிக்கும் என்று அவருக்குத் தெரியாமலா? அவள் அலறல் வராண்டா கடந்து கேட்டது. இடது கைக்குத் தொட்டியோரம் இருந்த எஃகுத் தட்டு கிடைத்தது. முகத்தில் விட்டாள். மூக்கு நொறுங்கி ரத்தம் சுவரில் தெறித்தது. அவர் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அதோடு விட்டிருக்கலாம். அவள் எழுந்து நின்று மறுபடி அடித்தாள். உதடு கிழிந்து ஒரு பல் தரையில் உருண்டது. இன்னொன்று ஓங்கி இறக்கினாள். டாக்டரம்மா ஓடிவந்து பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்திராவிட்டால் அதுவும் கடைசி அடியாக இருந்திருக்காது.

அன்று சாயங்காலம் கட்டுப் போட்டு வீட்டில் விட்டபோது கணவர் அவளுக்குச் சோறு ஊட்டினார். "இப்ப நீதாம்மா ஊசி, ஒத்தக் கை ஊசி" என்று சிரிக்க வைக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"வலிக்குதா?"

"வலி இல்லங்க. அந்த ஆள அடிக்கும்போது இனிச்சது. அதான்."

அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

கட்டோடு அவள் வார்டுக்குப் போய் லோடுமேனைப் பார்த்தாள். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் எது மறையும்? அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்து அவள்மேல் வீசினான். அது கட்டிலில் பட்டு எகிறி அவள் வயிற்றில் விழுந்தது.

"நிறுத்துனியாமே? நிறுத்துனவ அப்படியே நிறுத்த வேண்டியதுதானே! அப்புறம் எதுக்குடி விட்ட?"

அவன் மனைவி அவன் வாயைப் பொத்தினாள். இடி சொம்பை எடுத்து மேஜையில் வைத்தாள். "அந்தக் கால் போகலன்னா நீங்க போயிருப்பீங்க" என்று சொல்ல வாயெடுத்தாள். அவனைப் பார்த்ததும் சொல்லவில்லை. ஈரப் புடவையோடு கட்டிலோரம் நின்று, அவன் திட்டி ஓயும்வரை கேட்டுவிட்டு வந்தாள்.

விசாரணையில் பெரிய டாக்டர் மூக்கில் பிளாஸ்திரியோடு உட்கார்ந்திருந்தார். சாகக் கிடந்தவனின் ஆபரேஷனைத் தாமதப்படுத்திய பைத்தியக்காரி என்றார். சுத்தியல் கை தவறி விழுந்தது என்றார். தலைவர் இளைய டாக்டரைக் கேட்டார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் நோயாளியப் பாத்துட்டிருந்தேன் சார், கவனிக்கல" என்றான்.

கருவி நர்ஸ் எழுந்தாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள். எப்போதோ பறந்த கத்தரி போட்ட தழும்பு நீளமாகக் கிடந்தது. இளைய டாக்டர் முன்னால் போய் அதை நீட்டினாள். "இதையும் கவனிக்கலையா? அன்னிக்குத் தையல் போட்டது நீங்கதான் டாக்டர்."

அதற்குப் பிறகு டாக்டரம்மா பெயின்டரின் முட்டியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். தன் மௌனத்தையும் சேர்த்துத்தான்.

தலைவர் கடைசியாக இடியைக் கேட்டார். "சிஸ்டர், நீங்க அவர அடிச்சீங்களா?"

"அடிச்சேன் சார்."

"தற்காப்புக்குத்தானே?" வார்த்தையை அவரே எடுத்துக் கொடுத்தார்.

"முதல் அடி தற்காப்பு. மத்தது ரெண்டும் ஆசைக்கு."

அறையில் யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். பெரிய டாக்டரை வேலையிலிருந்து அனுப்பினார்கள். வழக்கு நடந்தது. பெயின்டர் குடும்பத்துக்கு நஷ்டஈடு கிடைத்தது. இடியையும் சில மாதங்கள் வீட்டில் உட்கார வைத்தார்கள். பரிந்து பேச வந்தவர்களிடம், "அடிச்சது அடிச்சதுதான். எறியறவங்கள நிறுத்த வந்தவ நான். நானே எறிஞ்சா எவ நம்பி வந்து சொல்லுவா?" என்றாள். அந்த மாதங்களில் மகள்தான் தினமும் தலை வாரிவிட்டாள். வலது கை தோளுக்கு மேலே எழும்பாமலே நின்றுவிட்டது.

திரும்பி வந்தபோது எலும்புத் தியேட்டருக்குப் புது டாக்டர் வந்திருந்தார். அவருக்கும் முன்கோபம் உண்டு என்று பேச்சு. ஒருநாள் டாக்டரம்மா அவளைத் தேடி வராண்டாவுக்கு வந்தாள். ஏதோ சிக்கலான கேஸாம். ரத்தம் நிற்கவில்லையாம். கருவி நர்ஸ் நிறுத்தச் சொல்லி, எண்ணி வைத்த பஞ்சில் ஒன்று குறைகிறது, காயத்துக்குள் இருக்கலாம் என்றாளாம். புது டாக்டர் கத்திக்கொண்டே இடுக்கியை ஓங்கினாராம்.

இடி தியேட்டர் பக்கம் ஓரடி வைத்தாள். "எறிஞ்சாரா?"

"இல்ல. எல்லாரும் தலையத் தூக்கி அவரப் பாத்தோம். யாரும் குனியல. அந்த இளைய டாக்டர்கூட. அவர் எங்களப் பாத்தார். இடுக்கியக் கீழ வெச்சுட்டு, எண்ணுங்கன்னார்."

"பஞ்சு?"

"கீழ பக்கெட்டுல கெடந்தது. உள்ள ஒண்ணும் இல்ல."

"யாரு முதல்ல தலையத் தூக்கினது?"

டாக்டரம்மா யோசித்தாள். "தெரியலையே. பாக்கல."

இடி தலையாட்டினாள். பிறகு இரண்டாவது மாடியில் கட்டில் கம்பி ஒன்று ஆடுகிறது என்று யாரோ வந்து சொல்ல, இடது கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.